பாக்கி 41,300 ரூபாய்: ஒரு கடன் வசூல் அழைப்பின் நிகழ்வு ஆய்வு

கடன் வசூல் என்ற பெயரில் வரும் சந்தேகமான அழைப்புகள் என்றால், வாங்காத கடனைக் கட்டச் சொல்லி மிரட்டுவதைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். அது ஓரளவு சமாளிக்கக்கூடியது. கடனே வாங்கவில்லை என்று தெரிந்தவருக்குத் தைரியம் தானாக வரும். நான் இங்கே எழுதுவது வேறு வகை. இதில் கடன் நிஜமாகவே இருந்தது. வாங்கியவருக்கு அது மறக்கவும் இல்லை, மனதில் ஓர் உறுத்தலாகவும் இருந்தது. அழைத்தவர் அந்த உறுத்தலைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். அதனால் கடன், வங்கி, நோட்டீஸ் சம்பந்தப்பட்ட குழப்பங்களும் என்னிடம் வந்து சேரும். இந்த நிகழ்வுக்கு உரியவர் என் பழைய வாடிக்கையாளர், என்னைவிட மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே குறிப்பிடுகிறேன். எழுதுவதற்கு அவர் சம்மதித்தார். வங்கியின் பெயரையும் அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டேன்.

பழைய கடன்

அண்ணன் 2017 இல் ஒரு தனியார் வங்கியில் 2 லட்சம் ரூபாய் தனிநபர் கடன் வாங்கினார். தவணைகள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. 2020 ஊரடங்கில் வேலை போனது, தவணையும் நின்றது. வேறு வேலை கிடைத்த பிறகு, 2021 கடைசியில் வங்கியோடு பேசி, ஒரு தொகையை மொத்தமாகக் கட்டி கணக்கை முடித்துக்கொண்டார். பேச்சுவழக்கில் இதை செட்டில்மென்ட் என்பார்கள். முழுப் பாக்கியையும் கட்டுவதில்லை. வங்கி ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கும், அதற்கு ஒரு கடிதமும் தரும். அந்தக் கடிதம் அண்ணன் வீட்டு பீரோவில் பத்திரமாக இருந்தது. அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த அழைப்பு

ஒரு வியாழக்கிழமை இரவு 7.40 மணிக்கு அழைப்பு வந்தது. அழைத்தவர்களைக் காட்டும் செயலியில் வங்கியின் பெயரோடு 'லீகல்' என்ற சொல்லும் சேர்ந்து தெரிந்தது. பேசியவர் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். அண்ணனின் முழுப்பெயர், கடன் வாங்கிய வருடம், கடன் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், அப்போது குடியிருந்த பழைய விலாசம் எல்லாவற்றையும் அவரே வரிசையாகச் சொன்னார். செட்டில்மென்ட்டுக்குப் பிறகும் 41,300 ரூபாய் நிலுவையில் இருக்கிறதாம். கோப்பு கோர்ட்டுக்குப் போய்விட்டதாம். மறுநாள் காலை 11 மணிக்கு வாரன்ட் கையெழுத்தாகும், இன்று இரவு 9 மணிக்குள் 18,500 ரூபாய் கட்டினால் அவரே பேசி முடித்து வைப்பார் என்றார்.

உடனே வாட்ஸ்அப்பில் மூன்று விஷயங்கள் வந்தன. ஓர் அடையாள அட்டையின் படம், அரசு முத்திரையோடு லோக் அதாலத் நோட்டீஸ் என்று ஒரு பிடிஎஃப், பணம் போட ஒரு யுபிஐ ஐடி.

அண்ணன் கட்டத் தயாராகிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மாதக் கடைசியில் 18,500 ரூபாய் எங்கிருந்து புரட்டுவது என்றுதான் அவர் யோசித்திருக்கிறாரே தவிர, இவர் யார் என்று யோசிக்க அவருக்கு அவகாசமே தரப்படவில்லை. அண்ணிதான் "பணம் போடறதுக்கு முன்னாடி தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்று சொல்லி எனக்குப் போன் போடவைத்தார். அந்த இடைவெளிதான் பணத்தைக் காப்பாற்றியது.

போனில் அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "அந்தத் தொகை நான் பாக்கி வச்சதுதானேப்பா? தப்பு என் மேலதானே?"

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் சிக்கிக்கொண்டிருக்கின்றன. கடன் பாக்கி இருக்கிறதா என்பது ஒன்று. பேசுகிறவருக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கிறதா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் ஆம் என்றால் இரண்டாவதும் ஆம் என்று மனம் தானாக எடுத்துக்கொள்கிறது. நான் பார்த்த பெரும்பாலான ஏமாற்றுகளில் பணம் கைமாறியது இந்த இடத்தில்தான். அண்ணனிடம் அன்று இரவு நான் சொன்னது இதைத்தான்: "பாக்கி இருக்கா இல்லையான்னு நாளைக்கு வங்கியிலயே கேட்டுக்கலாம். இருந்தாலும் இவர்கிட்ட கட்டப் போறதில்லை. இன்னிக்கு ராத்திரி பணம் எங்கேயும் போகாது."

அழைத்தவர் சொன்னதில் எதுவெல்லாம் சான்று, எதுவெல்லாம் இல்லை

அண்ணனை மிகவும் அசைத்தது, அழைத்தவருக்கு எல்லா விவரமும் தெரிந்திருந்ததுதான். ஆனால் ஒரு கடனின் விவரம் எத்தனை கை மாறுகிறது என்று பாருங்கள். கடன் பிடித்துக் கொடுத்த முகவர், விண்ணப்பத்தைச் சரிபார்க்க வந்தவர், வங்கியின் கால் சென்டர், தவணை நின்றபோது அமர்த்தப்பட்ட வசூல் ஏஜென்சி, அந்த ஏஜென்சியில் சில மாதம் வேலை பார்த்துவிட்டுப் போன பையன் என்று வரிசை நீளும். இவர்களில் யாரிடமிருந்தும் ஓர் எக்செல் தாள் வெளியே போயிருக்கலாம். விவரம் தெரிந்திருப்பது, விவரம் கிடைத்திருக்கிறது என்பதை மட்டும்தான் காட்டும்.

செயலியில் தெரிந்த பெயருக்கும் அதே மதிப்புதான். அந்தப் பெயர்கள் பெரும்பாலும் மற்ற பயனாளர்கள் சேமித்து வைத்திருப்பதிலிருந்தும், எண்ணை வைத்திருப்பவர் தானே கொடுப்பதிலிருந்தும் வருகின்றன. அடையாள அட்டையின் படத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

லோக் அதாலத் நோட்டீஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயம் காட்டுவதற்கு இப்போது இது நிறையப் பயன்படுகிறது. மக்கள் நீதிமன்றம் எனப்படும் லோக் அதாலத், 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் கீழ் நடப்பது. வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய நிலையிலேயே வங்கிகள் தங்கள் வாராக் கடன்களை அங்கே கொண்டுபோவது உண்மை. நிஜமான நோட்டீஸ்களும் வரத்தான் செய்கின்றன. ஆனால் அந்த நிலையில் வரும் நோட்டீஸ், இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசுவதற்கான அழைப்பு. போகாதவருக்குப் பிடிவாரண்ட் பிறக்காது. அண்ணனுக்கு வந்த தாளில் எந்த மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு என்பதே இல்லை. தேதி இருந்தது, நடக்கும் இடம் இல்லை. அனுப்பியவர் என்ற இடத்தில் ஒரு கைபேசி எண். இப்படி ஒன்று வந்தால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் காட்டிக் கேட்கலாம். இலவச சட்ட உதவிக்கென 15100 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது. வழக்கே போட்டாயிற்று என்று சொன்னால், வழக்குக்கு உரிய அடையாள எண்ணான சிஎன்ஆர் எண்ணைக் கேளுங்கள். 16 எழுத்தும் எண்ணும் கலந்த அந்த எண்ணை நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டால் வழக்கு இருக்கிறதா, எந்த நீதிமன்றம், அடுத்த தேதி என்ன என்பதெல்லாம் தெரிந்துவிடும். அண்ணன் பிறகு கேட்டபோது எதிர்முனையில் ஒரு நொடி மௌனம், அப்புறம் "அதெல்லாம் கான்ஃபிடென்ஷியல் சார்" என்று பதில். நீதிமன்ற வழக்கு எண்ணில் ரகசியம் ஏது?

வாரன்ட் பேச்சுக்கு வருவோம். தனிநபர் கடனைக் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம். கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, அதை நிறைவேற்ற மனுப் போட வேண்டும். அதற்குப் பிறகும், வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவரைச் சிவில் சிறையில் வைக்கச் சொல்லிக் கேட்க இடம் உண்டு, ஆனால் நீதிபதி விசாரித்த பிறகே. வியாழன் இரவு பேசி வெள்ளி காலை கைது என்பதற்கு இதில் எங்கேயும் இடமில்லை. ஒரு விதிவிலக்கை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138 ஆவது பிரிவின் கீழும், தானியங்கித் தவணைப் பிடித்தம் திரும்பினால் 2007 ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25 ஆவது பிரிவின் கீழும் குற்ற வழக்கு வரலாம். அதற்கும் முதலில் எழுத்தில் நோட்டீஸ் வரும், அந்த நோட்டீஸ் கிடைத்த பிறகு பணம் கட்ட 15 நாள் அவகாசம் இருக்கும்.

அடுத்து நேரம். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடன் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை சொல்கிறது. மிரட்டுவது, அவமானப்படுத்துவது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்வது, பெயர் சொல்லாமல் அழைப்பது, பொய்யான தகவல் தருவது எல்லாவற்றையும் அதே சுற்றறிக்கை தடுக்கிறது. 7.40 மணி அழைப்பு விதிமீறல்தான். ஆனால் அதை வைத்து மட்டும் போலி என்று முடிவுகட்ட முடியாது. விதியை மீறுகிற நிஜ ஏஜென்ட்டுகளும் இருக்கிறார்கள், இனிக்க இனிக்கப் பேசுகிற போலிகளும் இருக்கிறார்கள்.

எனக்குச் சந்தேகத்தை உறுதியாக்கியது யுபிஐ ஐடிதான். அண்ணனை அந்த ஐடியைச் செயலியில் அடித்து, தொகை போடாமல், பெறுபவர் பெயரை மட்டும் பார்க்கச் சொன்னேன். வங்கியின் பெயர் வரவில்லை, ஒரு தனிமனிதரின் பெயர் வந்தது. வங்கிக்கு வர வேண்டிய பணத்தை வங்கி ஏன் யாரோ ஒருவருடைய சொந்தக் கணக்கில் வாங்க வேண்டும்? இதற்கு நேர்மையான விடை எதுவும் கிடையாது.

இரண்டாவது பேச்சு

9 மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது மறுபடி அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியில் போட்டு, பதிவும் செய்துகொண்டு பேசினார் அண்ணன். என்ன சொல்ல வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். பதற்றத்தில் நாக்கு வேறு எங்காவது போய்விடும்.

"சார், உங்க பேர், ஏஜென்சி பேர், உங்களை நியமிச்சு வங்கி கொடுத்த அதிகாரக் கடிதம், பாக்கி எப்படி வந்துச்சுங்கிற கணக்கு, நாலையும் எழுத்துல அனுப்புங்க. என் விலாசம் வங்கிகிட்ட இருக்கு. பார்த்துட்டு வங்கிகிட்டயே பேசிக்கறேன்."

இதில் கடனை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பிறந்த தேதியைச் 'சரிபார்ப்பதற்காக' கேட்டார்கள், அண்ணன் சொல்லவில்லை. பான் எண், ஆதார், இப்போதைய அலுவலகம், எதையும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட பேச்சில் நாம் கொடுக்கும் ஒவ்வொரு விவரமும் அடுத்த அழைப்பில் அவர்களுக்குச் சான்றாகப் பயன்படும்.

அதிகாரக் கடிதம் கேட்பது ஒன்றும் வம்புக்கான கேள்வி இல்லை. 2008 இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிகாட்டுதல்படியே, வசூல் ஏஜென்சியிடம் ஒரு கணக்கை ஒப்படைக்கும்போது அந்த ஏஜென்சி யார் என்பதை வங்கி கடன்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும். நேரில் வரும் ஏஜென்ட் அடையாள அட்டையோடு நோட்டீஸின் நகலையும் வங்கியின் அதிகாரக் கடிதத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். அந்தக் கடிதத்தில் ஏஜென்சியின் தொலைபேசி எண்களும் இருக்க வேண்டும். நிஜ ஏஜென்ட்டுக்கு இதைக் காட்டுவதில் சிரமம் இருக்காது.

எதிர்முனையில் நடந்ததைக் கவனித்தால் நிறையப் புரியும். முதலில் 18,500 ரூபாய் 15,000 ஆனது. அப்புறம் 12,000. அப்புறம் "இருக்கிறதைப் போடுங்க சார், மீதியை நான் பார்த்துக்கறேன்." செட்டில்மென்ட் தொகையை வங்கியில் ஓர் அதிகாரி அங்கீகரித்துக் கடிதமாகத் தர வேண்டும். போனில் சில நிமிடத்துக்குள் பேரம் பேசிக் குறைக்க அது ஒன்றும் ஏஜென்ட்டின் சொந்தப் பணம் இல்லை. தொகை குறையக் குறைய அண்ணனின் முகம் தெளிந்தது என்று அண்ணி பிறகு சொன்னார்.

தொகை படியாததால் குரல் மாறியது. வசவு வந்தது. அண்ணன் துண்டித்துவிட்டார். பத்து நிமிடத்தில் வேறு எண்ணிலிருந்து இன்னொருவர், தான் காவல் நிலைய இன்ஸ்பெக்டர் என்றார். எந்த நிலையம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அரசு ஊழியராக நடிப்பது, மிரட்டிப் பணம் பறிப்பது, குற்றமுறு மிரட்டல் ஆகிய மூன்றும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் முறையே 204, 308, 351 ஆகிய பிரிவுகளில் வருகின்றன. அதுவரை ஏமாற்றுவேலையாக இருந்தது இந்த ஓர் அழைப்போடு இன்னும் கனமான குற்றமாகிவிட்டது.

சரிபார்த்தபோது கிடைத்தது

மறுநாள் காலை அண்ணன் வங்கிக் கிளைக்குக் கடிதத்தோடு நேரில் போனார். வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேட வேண்டாம் என்று குறிப்பாகச் சொல்லியிருந்தேன். போலி எண்கள் அங்கே நிறையக் கிடக்கின்றன. வங்கி அட்டையின் பின்புறத்திலோ வங்கியின் சொந்தத் தளத்திலோ இருக்கும் எண்தான் நம்பத்தக்கது. வாய்வார்த்தையோடு விடாமல், வங்கியில் பதிவான மின்னஞ்சலிலிருந்து எழுதியும் கேட்டார்: இந்தக் கடன் கணக்கில் பாக்கி உண்டா, எந்த ஏஜென்சியிடமாவது ஒப்படைத்திருக்கிறீர்களா, இந்த எண்கள் உங்களுடையவையா?

அதே நாளில் கடன் அறிக்கையையும் எடுத்தோம். இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்ற விதி 2017 முதல் இருக்கிறது. இதற்குப் பணம் கேட்கும் செயலிகளிடம் போக வேண்டிய தேவையே இல்லை.

அறிக்கையைத் திறந்ததும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். 41,300 ரூபாய் அதில் அப்படியே இருந்தது. கணக்கின் நிலை 'செட்டில்டு'. அதற்குக் கீழே, தள்ளுபடி செய்யப்பட்ட தொகை என்ற இடத்தில் அதே எண். அழைத்தவர் எண்ணைக் கற்பனையில் பிடிக்கவில்லை. வங்கி 2021 இல் விட்டுக்கொடுத்த தொகை எவ்வளவோ, அதையே பாக்கி என்று பெயர் மாற்றிச் சொல்லியிருந்தார். ஒரு ரூபாய்கூட மாறாமல் பொருந்துகிற எண்ணைக் கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

பீரோவிலிருந்து வந்த செட்டில்மென்ட் கடிதத்தை மறுபடி படித்தோம். குறிப்பிட்ட தேதிக்குள் இந்தத் தொகை செலுத்தப்பட்டால் கடன் முழுமையாகவும் இறுதியாகவும் தீர்ந்ததாகக் கொள்ளப்படும், மேற்கொண்டு உரிமை கோரப்படாது என்று அதில் தெளிவாக இருந்தது. பணம் அந்தத் தேதிக்கு முன்பே கட்டப்பட்டதற்கு வங்கிக் கணக்கு அறிக்கை சாட்சி. அத்தோடு அந்த விவகாரம் முடிந்தது. இந்தக் கடிதத்தை வாங்காமலேயே செட்டில்மென்ட் பணம் கட்டுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஏஜென்ட் வாயால் சொன்ன தள்ளுபடி எந்த மேஜையிலும் நிற்காது.

அறிக்கையில் இன்னொன்றையும் பார்த்தோம். வங்கிகள் சில நேரம் வாராக் கடனைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு விற்றுவிடும். அப்போது நமக்குப் பழக்கமில்லாத ஒரு பெயரிலிருந்து நியாயமாகவே அழைப்பு வரலாம். பெயர் தெரியவில்லை என்பதால் போலி என்று தள்ளிவிடக் கூடாது. அப்படி விற்கப்பட்டிருந்தால் பொதுவாகக் கடன் அறிக்கையில் புதிய நிறுவனத்தின் பெயர் வரும், பதிவு பெற்ற அத்தகைய நிறுவனங்களின் பட்டியலும் ரிசர்வ் வங்கித் தளத்தில் உண்டு. அண்ணனின் அறிக்கையில் பழைய வங்கியே இருந்தது.

ஒரு வாரம் போல் கழித்து வங்கியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பாக்கி இல்லை, கணக்கு எந்த ஏஜென்சியிடமும் இல்லை, அந்த எண்கள் வங்கியுடையவை அல்ல.

அந்த ஒரு வாரம்

பதில் வரும்வரை அழைப்புகள் நிற்கவில்லை. அண்ணியின் எண்ணுக்கு வந்தது. பிறகு அண்ணனின் அலுவலக சகா ஒருவருக்குப் போய், "உங்க ஃபிரெண்ட் கோர்ட்டுக்கு வராம ஓடிட்டு இருக்கார்" என்று சொல்லியிருக்கிறார்கள். மனிதரை உடைப்பது பெரும்பாலும் இந்தக் கட்டம்தான். பணப் பயத்தைவிட மானப் பயம் பெரிது. அது தெரிந்துதான் அவர்கள் இந்த இடத்துக்கு வருகிறார்கள்.

அண்ணன் அன்று செய்தது என்னை மிகவும் கவர்ந்தது. மறுநாள் அலுவலகத்தில் அவரே நான்கைந்து பேரிடம் நேராகச் சொல்லிவிட்டார்: "முடிஞ்சுபோன ஒரு கடனை வச்சு யாரோ ஏமாத்தப் பார்க்கறாங்க. உங்களுக்குப் போன் வந்தா என்னைப் பத்தி எதுவும் சொல்லாதீங்க, நம்பரை மட்டும் எனக்கு அனுப்புங்க." அதற்குப் பிறகு அலுவலகத்துக்கு வந்த அழைப்புகள் எல்லாம் அண்ணனுக்குப் புது எண்களைத் திரட்டித் தருவதற்கே உதவின. மேலாளரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்தார்.

ஆதாரங்களைச் சேர்த்ததில் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தோம். எதையும் அழிப்பதில்லை. கோபத்தில் எண்ணைத் தடை செய்து உரையாடலையும் நீக்கிவிட்டு வருபவர்களிடம் புகார் எழுத எதுவும் மிஞ்சியிருக்காது. எண் தெரியும்படி திரைப் படங்கள், வாட்ஸ்அப் உரையாடலின் முழுப் பிரதி, அந்த பிடிஎஃப், யுபிஐ ஐடியும் பெறுபவர் பெயரும் தெரியும் படம், குரல் பதிவுகள், அழைப்புப் பட்டியல் எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகே எண்களைத் தடை செய்தார்.

பணம் போகாததால் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் விவரமாகப் புகார் பதிவு செய்தோம். பணம் போயிருந்தால் முதல் வேலை 1930 என்ற எண்ணுக்கு அழைப்பது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு அதிகம். கூடவே தன் வங்கிக்கும் சொல்ல வேண்டும். எண்களைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலுள்ள சக்ஷு பகுதியில் தெரிவித்தோம். மோசடி அழைப்புகளைத் தெரிவிப்பதற்காக 2024 இல் தொடங்கப்பட்ட வசதி அது. இன்ஸ்பெக்டர் என்று நடித்த அழைப்பைப் பற்றி உள்ளூர்க் காவல் நிலையத்திலும் எழுத்துப் புகார் கொடுத்து ரசீது வாங்கினார் அண்ணன்.

கடன் உண்மையாகவே பாக்கி இருந்திருந்தால்

இதைப் படிப்பவர்களில் பலருக்கு நிலைமை அண்ணனைப் போல் சுத்தமாக இருக்காது. பாக்கி இருக்கும். கட்ட முடியாமலும் இருக்கும். அவர்களுக்கும் முதல் படி மாறுவதில்லை. அழைத்தவரை விட்டுவிட்டு, வங்கியிடம் நேராகப் பேச வேண்டும். கட்டுகிற பணம் கடன் கணக்குக்கே போக வேண்டும், ரசீது வர வேண்டும். தள்ளுபடி என்றால் கடிதம் முதலில், பணம் அப்புறம்.

பழைய கடன் என்றால் இன்னும் ஒரு கவனம் தேவை. பணம் வசூலிக்க வழக்குத் தொடுக்க 1963 ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் பொதுவாக மூன்று ஆண்டு தருகிறது. அந்தக் காலம் முடிவதற்குள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலோ, ஒரு பகுதியைக் கட்டினாலோ கணக்கு அங்கிருந்து புதிதாக ஓடத் தொடங்கும். "சும்மா ஆயிரம் ரூபாய் போடுங்க, நல்லெண்ணத்துக்கு" என்று கேட்பதன் பின்னால் இதுவும் இருக்கலாம். காலம் கடந்துவிட்டது என்பதாலேயே கடன் அழிந்துவிடாது, கடன் அறிக்கையிலும் அது தெரியும். ஆனால் எதையும் எழுதிக் கொடுக்கும் முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது நல்லது.

ஏஜென்ட் நிஜமானவராக இருந்து தொந்தரவு செய்தால், வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி தரவில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் சிஎம்எஸ் என்ற புகார்த் தளம் வழியே போகலாம், கட்டணம் இல்லை. வாங்காத கடன் அறிக்கையில் இருந்தால் கடன் தகவல் நிறுவனத்திடமே தகராறு எழுப்பலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அப்புறம், யாரோ வாங்கிய கடனுக்கு உங்கள் எண்ணைத் தொடர்புக்காகக் கொடுத்திருந்தார் என்றால், அதனால் மட்டும் நீங்கள் ஒரு ரூபாய்க்கும் பொறுப்பில்லை. ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் கதை வேறு.

இப்போதைய நிலை

வங்கியின் மின்னஞ்சல் நகலை அழைத்தவரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பலாமா என்று அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றேன். அவரிடம் நிரூபிக்க நமக்கு எதுவும் இல்லை, அந்தத் தாளில் அவருக்குப் பயன்படும் விவரங்கள்தான் இருக்கும். சில நாளில் அழைப்புகள் குறைந்து நின்றுபோயின.

'செட்டில்டு' என்ற குறிப்பு வீட்டுக் கடன் கேட்கும்போது இடைஞ்சலாக நிற்கும் என்பதை அண்ணன் இந்த அறிக்கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். விட்டுக்கொடுத்த தொகையைக் கட்டினால், முழுதும் கட்டி முடித்ததைக் குறிக்கும் 'க்ளோஸ்டு' என்று மாற்றித் தருவீர்களா, எத்தனை நாளில் மாறும் என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டிருக்கிறார். பதில் வந்த பிறகே கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

தீராமல் இருப்பது ஒன்றுதான். அண்ணனின் கடன் விவரம் வங்கியிலிருந்தோ அதன் பழைய ஏஜென்சியிலிருந்தோ எப்படி வெளியே போனது என்ற கேள்வி. வங்கிக்கு இதைத் தனிப் புகாராக அனுப்பினார். "வாடிக்கையாளர் தகவல் பாதுகாப்பில் நாங்கள் அக்கறை கொண்டுள்ளோம்" என்ற அளவில் ஒரு பதில் வந்தது. 2020 இல் அந்தக் கணக்கு எந்த ஏஜென்சிக்குப் போனது என்று பெயர் கேட்டு மறுபடி எழுதினார். 30 நாள் ஆகியும் பெயர் வரவில்லை. புகார் இப்போது ஒம்புட்ஸ்மேனிடம் இருக்கிறது.